சிதம்பரநாதன் மாற்றிச் சொன்னது

காரைக்காலில் வெளியூர்ப் பிரசங்கியார் யார் வந்து இறங்கினாலும், அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது மைக்கைப் பிடித்து நிற்கப்போகிறவர் சிதம்பரநாதன்தான் என்பது கேட்காமலே தெரிந்த விஷயமாக இருந்தது. கோட்டயத்துக்காரர் வந்தாலும் சரி, குண்டூர்க்காரர் வந்தாலும் சரி. அவர்கள் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். அடுத்த மூச்சு இழுப்பதற்குள் இவர் அதைத் தமிழில் சொல்லி முடித்திருப்பார். அவர் கத்தினால் இவரும் கத்துவார். அவர் குரல் உடைந்து அழுதால் இவர் குரலும் உடையும். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் ஓடினால், மைக் வயரை இடது கையில் சுருட்டிக்கொண்டு இவரும் ஓடுவார். ஐம்பத்தேழு வயது, முழங்கால் வலி, அதெல்லாம் கூட்டம் முடிந்தபிறகுதான். இத்தனை செய்தும் வீட்டுக்குப் போகிற சனங்களில் ஒருவருக்கும் அவர் முகம் நினைவிருக்காது. மொழிபெயர்க்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"நான் வெறும் குழாய். மேல ஊத்துறது கீழ வரும், அவ்வளவுதான்" என்பார் பெருமையாக.

"குழாயிலயும் பாசி புடிக்கும்ங்க" என்பாள் அவர் மனைவி கமலாம்பாள்.

பிழைப்பு துறைமுகத்தில். சரக்குக் கப்பல் வந்தால் அதன் காகித வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் அலுவலகத்தில் அவர் எழுத்தர். எழுத்து வேலையைவிடக் கத்தும் வேலைதான் அதிகம். நிலக்கரி இறக்கும்போது கப்பல் அதிகாரி மேலிருந்து ஒன்று சொல்வார், மேஸ்திரி கீழிருந்து ஒன்று கேட்பார், இரண்டு பக்கத்துக்கும் இவர் வாய்தான் பாலம். கிரேன் தூக்கலாமா, நிற்கட்டுமா என்கிற இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. ஒரு வார்த்தை பிசகினால் கீழே நிற்கிற ஆள் நசுங்கிப்போவான். கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. அதை அப்படியே மேடைக்கும் கொண்டுபோனார். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார். துறைமுகத்தில் கேட்டபடி சொன்னால் ஆள் பிழைப்பான். மேடையில் அப்படி இல்லை.

சபைக்கு அவர் போய்ச் சேர்ந்த கதை அவருடைய மகள் கீர்த்திகாவின் கதைதான். பன்னிரண்டு வயதில், பொங்கலுக்கு நெடுங்காட்டில் சித்தப்பா சிவக்குமார் வீட்டுக்குப் போயிருந்தபோது, களத்துமேட்டில் விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று விழுந்தாள், வலிப்பில் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சிவக்குமார் பேயோட்ட ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தான். அப்படியும் மூன்றுமுறை விழுந்துவிட்டாள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் பாஸ்டர் எலியேசரை வீட்டுக்கே அழைத்துவந்தார். அவர் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அதே வாரம் கமலாம்பாள் பிள்ளையைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர் தலையில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றது.

யாரால் நின்றது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. சிதம்பரநாதன் அரசலாற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து, சபைக்குள் மட்டும் நத்தானியேல் ஆனார். கமலாம்பாள் பொட்டோடும் பூவோடும் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "அவருக்குத் தொணைக்கு வர்றேன். வேற ஒண்ணும் இல்ல" என்று கேட்பவர்களிடம் சொல்வாள். சிவக்குமார் உறவை வெட்டிக்கொண்டான்.

"அப்பா தெவசத்துக்கு நீ வர வேணாம்ணே. வந்தா, காக்கா ஒன்னப் பாத்து அல்லேலூயா சொல்லிட்டுப் பறந்துடும்."

சபைக்கு நீளமான பெயர் உண்டு. ஊரில் தகரக் கொட்டகைச் சபை என்றால்தான் தெரியும். தகரக் கொட்டகை போய்க் கண்ணாடி வைத்த கட்டடம் வந்து, குளிர்சாதனம் வந்து, மூன்று கேமரா வந்தபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அங்கே சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சிதம்பரநாதன் வருஷாவருஷம் சொன்னார். என் மகள் வலிப்பில் துடித்தாள், தேவ ஊழியர் ஜெபித்தார், அந்த வாரத்தோடு நின்றது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லாமல் விட்டது தஞ்சாவூரை மட்டும்தான்.

மாத்திரை சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ராச்சாப்பாடு முடிந்ததும் கமலாம்பாள் எடுத்துக் கொடுப்பாள், கீர்த்திகா விழுங்குவாள். சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரியைச் சாத்திவிடுவாள். சாத்தச் சொல்லி சிதம்பரநாதன் ஒருநாளும் சொன்னதில்லை. திறந்து வை என்றும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

மாத்திரை வாங்குவது ஜவஹர் அலி கடையில். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். கூர்மையான நாக்கு.

"சார், ஒங்க கன்வென்ஷன் முடிஞ்ச மாசம் என் கடையில சக்கரை மாத்திரை ஓட மாட்டேங்குது. அதுக்கடுத்த மாசம் புண்ணுக்குக் கட்டுற துணி ரெண்டு மடங்கு ஓடுது. ஆக எனக்கு நஷ்டம் இல்ல. நிறுத்தாம நடத்துங்க."

"விசுவாசம் அவங்கவங்க இஷ்டம் பாய்."

"ஒங்க பொண்ணு மாத்திரை மட்டும் மாசம் தவறாம போவுதே. அது யாரு இஷ்டம்?"

சிதம்பரநாதன் கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜவஹர் அலி சொன்னதில் பொய் இல்லை. சபை வருஷாவருஷம் நடத்துகிற கன்வென்ஷனின் கடைசி நாள் சுகமளிக்கும் கூட்டம். மேடைக்கு முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வைப்பார்கள். விசுவாசம் உள்ளவர்கள் வாருங்கள், உங்கள் மாத்திரைகளை இதில் எறியுங்கள் என்பார் பிரசங்கியார். எறியுங்கள் என்பார் சிதம்பரநாதன், அதே உரப்பில். சனங்கள் வரிசையில் வந்து போடுவார்கள். சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இன்சுலின் ஊசி, ஒரு பாட்டியின் கண்ணாடி. டிரம் நிறைந்ததும் கேமரா அதன் மேல் வந்து நிற்கும். பட்டினச்சேரியிலிருந்து வருகிற ஒரு வலைக்காரர் ஒரு வருஷம் இன்சுலினைப் போட்டார். அடுத்த வருஷம் அவர் வந்தபோது ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அவிசுவாசம் எங்கோ நுழைந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தையும் சிதம்பரநாதன்தான் மொழிபெயர்த்தார்.

கீர்த்திகாவுக்கு இருபத்தைந்து வயதானது. பி.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாஸ்டரின் அக்கா மகன் ரூபன், குவைத்தில் ஏசி மெக்கானிக். சபைப் பிள்ளைகள் சேர்ந்து பாடப்போய்ப் பழக்கம், பிறகு போன், பிறகு பெரியவர்கள் பேச்சு. பெண் பார்க்கிற சடங்கெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். பேச்சு முற்றிவந்தபோது கீர்த்திகா ரூபனிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன், "மாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு" என்றான். மாமி என்றால் பாஸ்டரின் மனைவி ஞானசௌந்தரி. சபையில் பாஸ்டர் சொல்வது நடக்கும். ஞானசௌந்தரி சொல்வதைத்தான் பாஸ்டர் சொல்வார்.

கீர்த்திகா போய்ச் சொன்ன மறுநாளே பாஸ்டரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். ஞானசௌந்தரி வெள்ளைச் சேலையில், நகை இல்லாத கழுத்தோடு, காபி வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப, பதிமூணு வருஷமா மேடையில நீங்க சொன்னது என்ன பிரதர்?"

சிதம்பரநாதன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"பொய்யின்னு நாங்க சொல்ல மாட்டோம்" என்றாள் அவளே. "பாதியில நிக்குது. அத முழுசாக்கிடலாம். இந்த வருஷம் சுகமளிக்கும் கூட்டத்துல பாப்பா மாத்திரையோட மேடைக்கு வரட்டும். எல்லாரும் பாக்க டிரம்முல போடட்டும். கல்யாணத்த, இந்தத் தடவ பிரசங்கத்துக்கு வர்ற பிரதர் குருவிளா வாயாலயே அறிவிச்சுடலாம்."

கமலாம்பாள் வாசற்படியில் நின்றிருந்தாள். "போட்ட மறுநாள் விழுந்தா?"

"நீங்க இன்னும் நெத்தியில பொட்டு வெச்சிருக்கீங்க சிஸ்டர். அதான் ஒங்களுக்குப் பயம் போவல."

"பொட்டு என் நெத்தியில இருக்கு. வலிப்பு என் பொண்ணுக்கு இருக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க. திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கல்யாணம்னா முன்கூட்டியே வாங்க, மாத்திரைய மாத்தித் தர்றேன்னும் சொல்லியிருக்காரு."

"டாக்டருக்கு மேல ஒருத்தர் இருக்காரும்மா" என்றார் பாஸ்டர் எலியேசர், கனிவாக. போன வருஷம் நெஞ்சுவலி என்று சென்னைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். சபையில் அதை ஓய்வு எடுக்கப்போனதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த மேல இருக்கறவரு ஒங்க நெஞ்சுக்கு மட்டும் சென்னைக்கு வழி காட்டுனாரா?" என்றாள் கமலாம்பாள்.

பாஸ்டர் எழுந்துகொண்டார். ஞானசௌந்தரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிதம்பரநாதனிடம், "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க பிரதர். கட்டாயம் இல்ல. ஆனா ரூபனுக்கு வேற எடத்துலயும் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றாள்.

சிதம்பரநாதன் யோசித்தார். அவருடைய யோசனை எப்போதும் நடுவழியில்தான் போகும். இரண்டு நாள் கழித்து மகளிடம் சொன்னார்.

"ஒரு அட்டைதானே. போட்டுட்டு வந்துடு. வீட்டுல மீதி அட்டை இருக்கு. வழக்கம்போல சாப்பிடு. கல்யாணம் ஆனதும் ரூபன்கிட்ட பேசிக்கலாம்."

கீர்த்திகா அவரை நேராகப் பார்த்தாள். "நான் எறிஞ்சா, எறிஞ்சதுதான்ப்பா. அவ்ளோ பேரு முன்னாடி போட்டுட்டு, வீட்டுக்கு வந்து அலமாரிக்குப் பின்னாடி நின்னு முழுங்க மாட்டேன். ஒங்கள மாதிரி ரெண்டு கணக்கு என்னால வெச்சுக்க முடியாது."

"அப்ப மேடைக்குப் போகாத."

"போகலன்னா ரூபன் இல்ல. நெசமாவே சொகமாயிருச்சோ என்னவோ. பதிமூணு வருஷமா நீங்கதானே சொல்றீங்க. மாத்திர இல்லாம ஒருநாளாச்சும் இருந்து பாத்துடறேன். வந்தா வரட்டும்."

அவள் குரலில் சவால் இருந்தது. நம்பிக்கையும் கொஞ்சம் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. கமலாம்பாள் மகளிடம் அழுதாள், திட்டினாள், அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கீர்த்திகா ஜவஹர் அலி கடையில் போய் வேறு அட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு கமலாம்பாள் அவரிடம் கேட்டாள்: "ஊரான் வீட்டு மாத்திரைய எறியச் சொன்னப்ப ஒங்களுக்கு வாய் கூசலயே. இப்ப எதுக்கு சோறு எறங்கல?"

பைபாஸ் ஓரம் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சுவரொட்டி. பிரதர் குருவிளா வெள்ளைக் கோட்டில் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் சாயங்காலம் விழிதியூர், நெடுங்காடு, பட்டினச்சேரி என்று வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள். நீல டிரம் மேடைக்கு நடுவில் இருந்தது, இந்தத் தடவை சுற்றி வண்ண விளக்குத் தோரணத்தோடு. கமலாம்பாள் கடைசி வரிசையில் இல்லை. முன்னால் வந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பிரதர் குருவிளாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. கோட்டயத்துக்காரருக்குக் கொஞ்சம் புரியுமே என்று நினைத்தால், அவர் வளர்ந்ததெல்லாம் மஸ்கட்டில். எதைச் சொன்னாலும் தமிழில் சிதம்பரநாதன் சொன்னால்தான் உண்டு. ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒரே ஆளாக ஓடினார்கள், கத்தினார்கள், அழுதார்கள். கீபோர்டு மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு பாஸ்டர் எலியேசர் கீர்த்திகாவை மேடைக்குக் கூட்டிவந்தார். மொழிபெயர்ப்பாளரின் மகள் என்று குருவிளாவின் காதில் சொன்னார். குருவிளா முகமெல்லாம் சிரிப்பாகி, அவளைக் கேமராவுக்கு நேராக நிறுத்தினார். உன் கையில் இருப்பது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். சிதம்பரநாதன் தமிழில் கேட்டார். கீர்த்திகா அட்டையைத் தூக்கிக் காட்டி, "வலிப்பு மாத்திரை" என்றாள். எத்தனை வருஷமாக என்றார். "பதிமூணு வருஷமா." இங்கிலீஷ் அவளுக்கு நன்றாகவே தெரியும். நேராகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையின் முறை அது இல்லை. எல்லாம் சிதம்பரநாதன் வழியாகப் போய் வர வேண்டும்.

குருவிளா அவள் தலைமேல் கையை வைத்தார். மகளே, இன்றோடு முடிந்தது, இனி உனக்கு இது வேண்டாம், எறிந்துவிடு என்றார்.

பந்தல் முழுக்கத் தமிழுக்காகக் காத்திருந்தது.

சிதம்பரநாதன் வாய் திறக்கவில்லை. மொழிபெயர்க்கிறவன் ஒரு நொடி பிந்தினாலும் கூட்டத்துக்குத் தெரியும். கீபோர்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். கீர்த்திகா டிரம்மின் மேல் கையை நீட்டியிருந்தாள். அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளில் வண்ண விளக்கு பட்டு மின்னியது. குருவிளா அவர் தோளைத் தட்டினார், சொல்லுங்கள் என்பதுபோல.

"மகளே" என்றார் சிதம்பரநாதன், மேடைக் குரலில். "மாத்திரையை எறியாதே. வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சாப்பிடு."

"ஆமென்" என்றது கூட்டம்.

பழக்கம். அந்தக் குரல் அந்த இடத்தில் ஏறி இறங்கினால் ஆமென் சொல்லியே வந்திருக்கிறார்கள். குருவிளா ஆமெனைக் கேட்டு உற்சாகமானார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நீங்களும் வாருங்கள், வியாதியின் சங்கிலிகளை இங்கே எறியுங்கள் என்று முழங்கினார்.

"நீங்களும் கேளுங்கள்" என்று முழங்கினார் சிதம்பரநாதன். "யாரும் எறியாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒருவரும் நிறுத்தாதீர்கள்."

"ஆமென். அல்லேலூயா."

எழுந்து வரிசையில் வரத் தொடங்கியிருந்த ஒரு கிழவி நின்றாள். பக்கத்தில் இருந்தவளிடம், "எறியாதங்கறாரு, ஒக்காருடி" என்று இழுத்து உட்கார வைத்தாள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவிளா ஒன்றும் புரியாமல், கண்ணீரோடு, இன்னும் உரக்க, எறி எறி எறி என்றார். "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்றார் சிதம்பரநாதன், அதே தாளத்தில், அதே கண்ணீரோடு.

பாஸ்டர் எலியேசர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். கீபோர்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கையால் சைகை செய்தார். பிறகு கீர்த்திகா பக்கம் திரும்பி, தானே தமிழில், "பிரதர் குருவிளா சொன்னது அது இல்ல மகளே. எறின்னுதான் சொன்னாரு. நீ எறி" என்றார்.

"அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும் பாஸ்டர்" என்றாள் கீர்த்திகா. மைக் பக்கத்தில் இருந்ததால் அது பந்தல் முழுக்கக் கேட்டது. "எறியறேன். நாளைக்கு நான் விழுந்துட்டா, ரூபனுக்கு என்னைக் கட்டி வைப்பீங்களா? அத மட்டும் இப்ப இங்க சொல்லிடுங்க."

"விசுவாசம் இருந்தா விழ மாட்டே."

"விழுந்தா?"

பாஸ்டர் முன்வரிசையைப் பார்த்தார். ஞானசௌந்தரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்செட்காரன் சத்தத்தைக் குறைத்துவிட்டான். கீர்த்திகா அட்டையைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். கமலாம்பாள் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிதம்பரநாதனை யாரும் மேடையிலிருந்து இறக்கவில்லை. அவரே இறங்கினார். அவர் போவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கீர்த்திகா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாருக்காகவும் மாத்துனீங்களா, எனக்காகவா?"

அவர் நிஜத்தைச் சொன்னார். "ஒனக்காக."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சபையில் அறிவித்தார்கள்: சகோதரர் நத்தானியேல் ஐக்கியத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார், விசுவாசிகள் அவரோடு ஜெபத்திலும் பந்தியிலும் கலக்க வேண்டாம். அலுவலகத்தில், அன்று பாஸ்டரை வீட்டுக்கு அழைத்துவந்த அந்த நண்பர், மேசையைச் சன்னல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார். சிவக்குமாரிடமிருந்து போன் வந்தது. "என்னண்ணே, பிசாசு ஒங்கிட்ட வந்துடுச்சாமே. இங்க கோடாங்கி இருக்காரு, அனுப்பட்டுமா?" சிதம்பரநாதன் போனை வைத்தார். பதிமூன்று வருஷத்தில் தம்பி தானாகப் பேசியது அதுதான் முதல்முறை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு அவமானத்தோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்து ஜவஹர் அலி கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

சபையின் சேனலில் ஒரு வீடியோ. காரைக்கால் மகளுக்குக் கிடைத்த அற்புத விடுதலை என்று தலைப்பு. கீர்த்திகா அட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். வலிப்பு மாத்திரை, பதிமூணு வருஷமா என்கிறாள். குருவிளா தலையில் கை வைக்கிறார். சிதம்பரநாதனின் வாய் அசைகிறது. அதிலிருந்து யாரோ ஒரு இளைஞனின் குரல் வருகிறது. "மகளே, இன்றோடு முடிந்தது. எறிந்துவிடு." கூட்டம் ஆமென் என்கிறது. டிரம்மின் மேல் நீட்டிய கையோடு படம் வெட்டுப்பட்டு, பழைய வருஷம் ஒன்றில் நிறைந்து வழிந்த டிரம்முக்குப் போகிறது. உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போவது நன்றாகவே தெரிந்தது. கீழே எழுதியிருந்தவர்களில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் மகனுக்கும் வலிப்பு, இன்று நிறுத்திவிட்டேன், ஜெபியுங்கள் என்று ஒரு தாய் எழுதியிருந்தாள்.

"இந்த அம்மா எந்த ஊருன்னு தெரியல" என்றார் ஜவஹர் அலி. கேலியாக ஒன்றும் சொல்லவில்லை.

சிதம்பரநாதன் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். உள்ளே விடவில்லை. ஞானசௌந்தரி வராந்தாக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"எடுத்துருங்க சிஸ்டர். ஒரு பிள்ள செத்துடும்."

"எதுக்கு எடுக்கணும்? ஒங்க பொண்ணுக்குக் கர்த்தர் சொகம் குடுத்தாருன்னுதானே அதுல இருக்கு. நீங்க பதிமூணு வருஷமா சொன்னதும் அதானே. அந்த வீடியோவும் எங்ககிட்ட வருஷவாரியா இருக்கு. வெளிய சொன்னீங்கன்னா அதையும் போடுவோம். யாரு பொய்யன்னு சனங்க பாத்துக்கட்டும்."

அவர் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கமலாம்பாள் போனில் வீடியோவை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள்.

"பதிமூணு வருஷம் அடுத்தவன் பேச்ச ஒங்க வாயில வெச்சுக்கிட்டீங்க. இப்ப ஒங்க வாயில அடுத்தவன் கொரல வெச்சுட்டான். சரியாப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவருக்குச் சாப்பாடு போட்டாள்.

அன்றே ரூபனிடமிருந்தும் கீர்த்திகாவுக்குப் போன் வந்தது. வீடியோ அப்படியே இருக்கட்டும், மாமியிடம் பேசிச் சரிக்கட்டிவிட்டேன், நீ பாட்டுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொள், குவைத்தில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றான். கீர்த்திகா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே போட்டிருக்கலாம்.

"வேணாம் ரூபன்" என்றாள். "ஒரு வீட்டுல இத பாத்தாச்சு. இன்னொரு எங்கப்பாவோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். பெருங்காய டப்பாவை நகர்த்தி, மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக் கூடத்து மேசையில் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவைப் போனில் படம் பிடிக்கச் சொன்னாள். கமலாம்பாளுக்குக் கை நடுங்கியது, படத்தில் பாதி மின்விசிறி வந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான்.

சிதம்பரநாதன் எழுந்து வந்து கையை நீட்டினார். கீர்த்திகா அம்மாவிடமிருந்து போனை வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

"என் பேரு கீர்த்திகா. காரைக்கால். அந்த வீடியோவுல இருக்கறது நான்தான். நான் மாத்திரைய எறியல. இதோ இன்னிக்கும் சாப்பிடறேன். நீங்களும் நிறுத்தாதீங்க" என்று சொல்லி, ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். அதைச் சபையின் வீடியோவுக்குக் கீழே இணைப்பாகப் போட்டாள். அந்தத் தாயின் பெயருக்கு நேரேயும் தனியாக ஒன்று எழுதினாள். காலையில் பார்த்தால் இரண்டையும் நீக்கியிருந்தார்கள். அன்று ராத்திரி மறுபடி சாப்பிட்டாள், மறுபடி போட்டாள். அவள் கணக்கையே தடுத்தார்கள். வேறு பெயரில் ஒன்று தொடங்கினாள். அதையும் தடுத்தார்கள். ஆடிட்டர் அலுவலகத்துத் தோழிகள் தங்கள் கணக்கைக் கொடுத்தார்கள். ஜவஹர் அலி தன் கடையின் கணக்கைக் கொடுத்தார். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று சபையிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள். வரட்டும் என்றாள் கமலாம்பாள். அந்தத் தாயிடமிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

இப்போதும் தினம் நடக்கிறது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, கீர்த்திகா விளக்கு வெளிச்சத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். சிதம்பரநாதன் போனைப் பிடிக்கிறார். ஒருநாள், இங்கிலீஷிலும் ஒரு வார்த்தை சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கும் புரியுமே, நான் பின்னாலிருந்து சொல்லட்டுமா என்று கேட்டார்.

"நானே சொல்லிக்கறேன்ப்பா" என்றாள் கீர்த்திகா. "நீங்க பேச வேணாம். ஆடாம புடிங்க, போதும்."

அவர் முழங்கைகள் இரண்டையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு பிடித்தார்.